தாவரச் சாறு எந்த மாட்டுக்கு, எந்த வாரத்தில்?

கறவை மாடுகளுக்குத் தாவரச் சாறு கலந்த துணைத் தீவனம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்த மாட்டுக்கு, அது ஈன்று எத்தனை நாளாகிறது? பலரிடம் இதற்குப் பதில் இருப்பதில்லை. மந்தை முழுவதற்கும், ஆண்டு முழுவதும், தீவனத்தோடு ஒரு கை அள்ளிப் போடுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். நான் பல ஆண்டுகளாகப் பண்ணையில் தீவனப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். நிறைமாதச் சினை மாடுகளையும் புதிதாக ஈன்ற மாடுகளையும் பக்கத்திலிருந்து கவனிப்பதே என் வேலையில் பெரும்பகுதி. அதில் எனக்கு உறுதியாகப் பட்டதைச் சொல்கிறேன். இந்தச் சாறுகளுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் கன்று ஈனுவதற்கு முன்னும் பின்னுமான சில வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அதுவும் மற்ற அடிப்படைகள் சரியாக இருந்தால்தான்.

அந்த வாரங்களில் மாட்டின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரமும் ஈன்ற பின் வரும் மூன்று வாரமும்தான் கறவை மாட்டின் வாழ்வில் ஆபத்து மிகுந்த காலம். ஈனும் நாள் நெருங்க நெருங்க மாடு தீவனம் எடுப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே நேரத்தில் கன்று கடைசி வளர்ச்சியில் இருக்கிறது, மடியில் சீம்பால் ஊறத் தொடங்குகிறது. ஈன்ற பிறகு பால் நாளுக்கு நாள் ஏறும். பசியோ மெல்லத்தான் திரும்பும். வரவுக்கும் செலவுக்கும் நடுவில் விழுந்த இந்தப் பள்ளத்தை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்து நிரப்புகிறது. கரைந்த கொழுப்பு கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் முடிந்தவரை எரிக்கிறது, முடியாததைத் தன்னிடமே தேக்கி வைக்கிறது, மீதியைக் கீட்டோன்களாக வெளியே தள்ளுகிறது. இவ்வளவு கொழுப்பை எரிக்கும்போது செல்களைச் சிதைக்கும் ஃப்ரீ ரேடிக்கல்கள் அளவுக்கு மீறி உண்டாகின்றன. உடம்பில் இருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் அவற்றை அடக்கப் போதாமல் போகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம்.

இதோடு அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. கருப்பையின் உட்புறம் புண்ணாகி ஆறிக்கொண்டிருக்கிறது. மடி வீங்கியிருக்கிறது. தீவனம் திடீரென்று மாறியதால் பெருவயிறு புளித்துப் போகிறது. நோய்க்கிருமி எதுவும் இல்லாத மாட்டின் இரத்தத்திலும் இந்த நாட்களில் ஹாப்டோகுளோபின் என்ற அழற்சிப் புரதம் ஏறியிருக்கும். ஆரோக்கியமான மாட்டில் அது அளக்கவே முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும் ஒன்று. நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் இந்த ஆக்சிஜனேற்றத் தாக்குதலில் சிக்கித் தாமே சோர்ந்து போகின்றன. அதனால்தான் நஞ்சுக்கொடி தங்குவது, கருப்பைச் சீழ், மடிநோய், இரத்தத்தில் கீட்டோன் மிகுந்துபோகும் கீட்டோசிஸ், நான்காம் வயிறு இடம் மாறுவது என்று எல்லா வம்பும் இந்தச் சில வாரங்களிலேயே கூட்டமாக வந்து நிற்கின்றன. ஒன்று வந்தால் அடுத்ததுக்கும் வழி திறந்துவிடும்.

தாவரச் சாறுகளுக்கு இங்கேதான் இடம். பச்சைத் தேயிலையின் கேட்டச்சின்கள், மஞ்சளின் குர்குமின், திராட்சை விதையின் புரோஆந்தோசயனிடின்கள், பால்முள் செடியின் விதையிலிருந்து வரும் சிலிமரின், ஓரிகானோவின் கார்வக்ரால், தைம் செடியின் தைமால், கிராம்பின் யூஜெனால் ஆகியவையே இன்று அதிகம் பேசப்படும் சரக்குகள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை முற்றிலும் தடை செய்தது. சுவீடன் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1986இல் நிறுத்திவிட்டது. அதன் பிறகுதான் தீவன நிறுவனங்களும் ஆய்வாளர்களும் செடிகள் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார்கள்.

இந்தப் பொருள்கள் ஃப்ரீ ரேடிக்கல்களை நேரடியாகப் பிடித்து அழிப்பதாகத்தான் விளம்பரத் தாள்களில் எழுதியிருக்கும். சோதனைக் குழாயில் அது நடக்கவும் நடக்கும். ஆனால் தின்ற பாலிஃபீனால்களில் (மேலே சொன்னவற்றில் பலவும் சேர்ந்த தாவரப் பொருள் குடும்பம்) இரத்தத்துக்கு வந்து சேருவது மிகச் சிறிய அளவு. அந்த அளவை வைத்து நேரடிச் சண்டை போட முடியாது. அவை செல்லுக்குள் இருக்கும் என்ஆர்எஃப்2 என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தூண்டி, மாட்டின் சொந்தத் தற்காப்பு நொதிகளைக் கூடுதலாகச் சுரக்க வைக்கின்றன. என்எஃப் கப்பா பி என்ற அழற்சிப் பாதையையும் ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. ஆகவே, குழாய்ச் சோதனையில் ஒரு செடிக்கு எத்தனை மதிப்பெண் என்று காட்டி யாராவது விற்க வந்தால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. மனித உணவுகளுக்கு அப்படி மதிப்பெண் போட்டு வைத்திருந்த ஓராக் பட்டியலை, உடம்புக்குள் நடப்பதோடு அதற்குத் தொடர்பில்லை என்ற காரணத்தைச் சொல்லி, அமெரிக்க வேளாண் துறையே 2012இல் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது.

என்ஆர்எஃப்2 தூண்டி விடும் நொதிகளுக்கு மூலப்பொருள் வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் நொதிக்கு செலினியம் வேண்டும். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதிக்குச் செம்பும் துத்தநாகமும் மாங்கனீசும் வேண்டும். செல் சவ்வைக் காக்க வைட்டமின் ஈ வேண்டும். இவை இல்லாத மாட்டுக்கு எவ்வளவு உயர்ந்த சாற்றைக் கொடுத்தாலும் அந்தத் தூண்டுதல் வெறும் தூண்டுதலாகவே நின்றுவிடும். பசும்புல் தாராளமாகத் தின்னும் மாட்டுக்கு வைட்டமின் ஈ புல்லிலேயே கிடைத்துவிடுகிறது. புல் காயக் காய அந்த வைட்டமின் அழிந்து போகிறது. உலர்தீவனத்தையும் சைலேஜையும் (காற்றுப் புகாமல் புளிக்க வைத்த பசுந்தீவனம்) நம்பி, ஈனுவதற்கு முன் கறவையை நிறுத்தும் வற்றுக்காலத்தைக் கழிக்கும் மாடுகள்தான் குறையோடு ஈனுகின்றன. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் 2001ஆம் ஆண்டுக் கையேடு, வற்றிய மாட்டுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 சர்வதேச அலகு வைட்டமின் ஈ என்று கணக்குச் சொல்கிறது. 600 கிலோ மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 அலகு. செலினியத்துக்கு உலர்ந்த தீவனத்தில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். செலினியம் தேவைப்படும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் தாதுஉப்புக் கலவையிலும் ஊசியிலுமாக இரண்டு பக்கமும் சேர்த்துக் கொடுக்கும்போது கூட்டிப் பார்க்காமல் நான் விடுவதில்லை.

எங்கள் மருத்துவரிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக எதையாவது வாங்கப் போகிறேன் என்றால், "சேர்க்கிறது இருக்கட்டும், எதை எடுக்கணும்னு பார்த்தீங்களா?" என்பார். அந்தக் கேள்விதான் எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் கைகொடுத்தது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் அழற்சியையும் நாமே தீவனத் தொட்டியில் போட்டுக்கொண்டிருப்போம். சிக்கு வாடை அடிக்கும் தவிடும் பழைய எண்ணெயும் அப்படித்தான், அதில் கொழுப்பு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. குடிதண்ணீரில் இரும்பு அதிகமாக இருந்தாலும் இதே சங்கடம். பூசணம் பிடித்த புண்ணாக்கும் சோளமும் இன்னும் மோசம். அவற்றிலுள்ள அஃப்ளாடாக்சின் கல்லீரலைத் தாக்குவதோடு நிற்காமல் எம்1 என்ற வடிவில் பாலுக்கும் வந்துவிடும். பாலில் அதற்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. இப்படிப்பட்ட தீவனத்தைப் போட்டுக்கொண்டே கல்லீரலைக் காக்கும் மூலிகை என்று சிலிமரினைத் தேடுவது மாட்டுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பெருவயிறு புளிப்பது எல்லாவற்றிலும் பெரிய காரணம். ஈன்ற மாடு பால் கூடக் கறக்க வேண்டும் என்று அடர்தீவனத்தை ஒரே தாவலில் ஏற்றிவிடுகிறோம். பெருவயிற்றின் அமில கார அளவு 5.6க்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் அங்கேயே நின்றால், உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள் செத்து அவற்றின் சுவரிலிருந்து எண்டோடாக்சின் என்ற நஞ்சு கொட்டுகிறது. குடல் சுவர் தாண்டி அது இரத்தத்துக்குள் போனால் உடம்பு முழுவதும் அழற்சி. அடர்தீவனத்தை இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல ஏற்றுவதும், மாடு ஒதுக்கித் தள்ள முடியாத நீளத்தில் நார்த்தீவனம் கொடுப்பதும் இதைத் தடுக்கும் வழிகள். எங்கள் பண்ணையில் இந்த இரண்டையும் ஒழுங்கு செய்தபோது ஈன்ற மாடுகளிடம் கண்ட தெளிவு, பின்னால் எந்தச் சாறு கொடுத்தபோதும் கண்ட தெளிவைவிடப் பெரியது.

இனி சாறுகளுக்கே வருகிறேன். மாடு அசைபோடும் பிராணி என்பதால், மனிதருக்கோ கோழிக்கோ பொருந்தும் கணக்கு இங்கே பொருந்தாது. கொடுப்பது முதலில் பெருவயிற்று நுண்ணுயிர்களின் கையில் போய்ச் சேருகிறது. அவை பல பாலிஃபீனால்களை உடைத்து வேறொன்றாக்கிவிடும். இதில் வியப்பான ஒன்று உண்டு. குவர்செட்டின் என்ற பாலிஃபீனாலைத் தனியாகப் பெருவயிற்றில் கொடுப்பதைவிட, சர்க்கரையோடு இணைந்த வடிவமான ருட்டினாகக் கொடுத்தால் மாட்டின் இரத்தத்தில் குவர்செட்டின் அதிகமாகச் சேருகிறது. வயிறு ஒன்றே உள்ள பிராணிகளில் பொதுவாக இது நேர்மாறு. ஆகவே மனிதருக்கான மாத்திரையை எடை கூட்டி மாட்டுக்குக் கணக்குப் போடுவதில் பொருளில்லை.

சிலிமரின்தான் நான் அதிக நம்பிக்கையோடு பயன்படுத்தியது. 2004இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில் ஈனுவதற்கு 10 நாள் முன்பிருந்து ஈன்ற 15 நாள் வரை தினமும் 10 கிராம் சிலிமரின் கொடுத்தார்கள். அந்த மாடுகள் பாலின் உச்சத்தைச் சற்று முன்னதாகவே தொட்டன, பாலும் கூடியது. பச்சைத் தேயிலையும் மஞ்சளும் சேர்ந்த சாற்றை ஈனும் காலத்தில் கொடுத்துப் பார்த்த ஒரு ஜெர்மன் ஆய்வு 2015இல் வந்தது. கல்லீரலில் கொழுப்புத் தேங்குவது குறைந்ததையும் பால் கூடியதையும் அது காட்டியது. அதே காலத்தில் திராட்சை விதையும் பிழிந்த சக்கையும் சேர்ந்த தூளைக் கொடுத்த சோதனையிலும் பால் கூடியது. மூன்றுக்கும் பொதுவானது காலம். மூன்றுமே ஈனும் நாளைச் சுற்றிக் கொடுக்கப்பட்டவை.

நான் கண்டதும் இதற்கு ஒத்தே போகிறது. சாறு கொடுத்த மாடுகள் ஈன்ற முதல் வாரத்தில் தொட்டிக்குச் சீக்கிரம் வந்தன. அசைபோடுவது விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பியது. இரண்டாம், மூன்றாம் ஈத்து தாண்டிய, உடம்பு கனத்த மாடுகளிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. கிடேரிகளிடமும் மெலிந்த மாடுகளிடமும் எனக்கு வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அது நியாயமாகவே படுகிறது. கொழுப்புக் கரைவது அதிகமாக இருக்கும் மாட்டில்தானே கல்லீரலுக்குச் சுமை அதிகம்? நடுக்கறவையில் இருக்கும் நலமான மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பாலிலோ உடம்பிலோ நான் அடையாளம் காணும்படி எதுவும் நடக்கவில்லை, நிறுத்திவிட்டோம்.

அத்தியாவசிய எண்ணெய்கள் எனப்படும் செடிகளின் வாசனை எண்ணெய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்வக்ரால், தைமால், யூஜெனால், இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு இவையெல்லாம் கிருமிகளைத் தாக்கும் குணமுள்ளவை. பெருவயிற்றில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களும் கிருமிகள்தாம். குறைந்த அளவில், புரதத்தை அம்மோனியாவாக்கி வீணாக்கும் சில பாக்டீரியாக்கள் மட்டும் அடங்கிப் புரதம் மிச்சமாகலாம். அளவு கூடினால் நார் செரிக்கும் பாக்டீரியாக்களும் அடிபட்டு, மாடு தீவனத்தை ஒதுக்கத் தொடங்கும். போதாக்குறைக்குப் பெருவயிறு சில வாரங்களில் இவற்றுக்குப் பழகிவிடுவதும் உண்டு. சோப்புப் போல நுரைக்கும் சப்போனின்கள் உள்ள செடிகளிலும் இதே கதைதான். முதலில் பெருவயிற்றின் ஒருசெல் உயிர்களான புரோட்டோசோவா குறையும், பிறகு பாக்டீரியாக்கள் சப்போனினை உடைக்கக் கற்றுக்கொள்ளும். அதனால் முதல் வாரப் பலனைப் பார்த்து நான் முடிவு கட்டுவதில்லை. ஈன்ற மாட்டின் பசிதான் நமக்கு முக்கியம் என்பதால், மூக்கைத் துளைக்கும் வாசனையுள்ள எண்ணெயைப் பூசப்படாத வடிவில் புதிதாக ஈன்ற மாட்டின் தீவனத்தில் நான் கலப்பதே இல்லை.

செடிகளுக்குத் துவர்ப்பைத் தரும் டானின்களுக்கு அளவுதான் எல்லாம். செறிந்த டானின்கள் பெருவயிற்றில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதைக் காப்பாற்றி, நான்காம் வயிற்றின் அமிலத்தில் விட்டுவிடும். உலர்ந்த தீவனத்தில் 2 முதல் 4 விழுக்காடு வரை இருந்தால் இந்த நன்மை கிடைக்கும். 5 விழுக்காட்டைத் தாண்டினால் தீவனம் எடுப்பதும் செரிமானமும் விழும். நீராற்பகுக்கப்படும் வகை டானின்கள் வேறு. ஓக் மரக் கொட்டைகளை நிறையத் தின்ற மாடுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்துப் போவது அவற்றால்தான். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது என்பதற்கு எனக்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

எல்லாரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அழற்சி முழுவதுமே கெட்டது, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எவ்வளவு கூடினாலும் நல்லது என்ற எண்ணத்தோடு இந்தப் பொருள்களைக் கையில் எடுக்கக் கூடாது. நஞ்சுக்கொடி பிரிந்து விழ அழற்சி வேண்டும். கருப்பை சுத்தமாக அழற்சி வேண்டும். அழற்சியைக் குறைக்கும் ஃபுளூனிக்சின் மருந்தை ஈன்ற கையோடு கொடுத்துப் பார்த்த சோதனையில் நஞ்சுக்கொடி தங்குவது குறையவில்லை, கூடியது. நெதர்லாந்தில் ஐந்து பண்ணைகளில் வற்றுக்காலத்தில் தினமும் 3,000 அலகு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. ஏற்கெனவே போதுமான வைட்டமின் ஈ உள்ள மாடுகள் அவை. கூடுதலாகப் பெற்ற மாடுகளில் மடிநோய் அதிகமானது. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வதே ஆக்சிஜனேற்றத்தை ஆயுதமாக வைத்துத்தான். அந்த ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டால் மடிக்குக் காவல் யார்?

இதனால் நாங்கள் வைத்திருக்கும் வழக்கம்: வைட்டமின் ஈ, செலினியம் கணக்கு சரியாக இருக்கும் மாட்டுக்கு ஒரே ஒரு சாறு, சொல்லப்பட்ட அளவில், ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து ஈன்ற இரண்டு மூன்று வாரம் வரை. இரண்டு மூன்று பொருள்களைக் கலந்து கொடுப்பதில்லை. கலந்தால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பின்னால் பிரித்துச் சொல்லவே முடியாது.

வாங்கும்போது நான் பார்ப்பது மூலப்பொருளின் அளவு. "பத்துக்கு ஒன்று செறிவு" என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பத்து கிலோ செடி ஒரு கிலோ ஆனது என்பதுதான் அதற்குப் பொருள். எந்தக் கரைப்பானில் எடுத்தார்கள், எத்தனை விழுக்காடு சிலிமரின், எத்தனை விழுக்காடு குர்குமின் என்று எழுதியிருக்க வேண்டும், ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சான்று வேண்டும். செடியின் வகை, மண், அறுத்த பருவம், காயவைத்த முறை ஒவ்வொன்றும் சரக்கை மாற்றும். நல்ல மஞ்சள் தூளிலேயே குர்குமின் சில விழுக்காடுதான் இருக்கும். செறிந்த சாற்றில் 95 விழுக்காடு வரை போகும். இரண்டையும் ஒரே அளவில் போட்டு ஒப்பிட முடியாது. மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேட்டைக் கலப்பது உலகறிந்த கலப்படம். ஈயம் மாட்டுக்கு நஞ்சு, பாலிலும் இறங்கும். நிறத்தைப் பார்த்து வாங்குவதைவிட உலோகச் சோதனைச் சான்றைப் பார்த்து வாங்குவது மேல். எண்ணெய் வகையாக இருந்தால், கொழுப்புப் பூச்சுப் பூசிய துகளா என்று கேட்பேன். பூச்சு இல்லாதது குச்சித்தீவனம் தயாரிக்கும் சூட்டிலேயே ஒரு பகுதி ஆவியாகிவிடும். சாற்றுத் தூளை வெயில் படாத, ஈரம் ஏறாத இடத்தில் வைப்பதும், திறந்த பையைச் சீக்கிரம் தீர்ப்பதும் சொல்லாமலே விளங்கும்.

ஒரு சாறு நம் பண்ணையில் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, போன ஆண்டோடு இந்த ஆண்டை ஒப்பிடுவது உதவாது. தீவனமும் வெயிலும் சினை மாடுகளின் எண்ணிக்கையும் மாறியிருக்கும். ஒரே நேரத்தில் ஈனப்போகும் மாடுகளில் காது எண் ஒற்றைப்படையாக உள்ளவற்றுக்குக் கொடுத்து, இரட்டைப்படைக்குக் கொடுக்காமல் விடுகிறோம். எந்த மாடு எந்தப் பக்கம் என்பது கறக்கிறவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம். இரண்டு பக்கத் தீவனத்தையும் ஒரே மாதிரி கலந்து வைப்பது என் பொறுப்பு. நல்ல மாட்டைத் தேர்ந்தெடுத்துப் புது மருந்தைக் கொடுக்கும் கை நம் எல்லாருக்கும் உண்டு, காது எண் அதைத் தடுத்துவிடுகிறது.

பதிவு செய்வதிலும் எளிமையான நாலைந்தே வைத்திருக்கிறோம். ஈன்ற முதல் பத்து நாள் காலையில் உடல் வெப்பம். 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் பேச்சு. ஈன்ற முதல் இரண்டு வாரத்தில் இரண்டு முறை இரத்தத்தில் கீட்டோன் அளவு. ஒரு சொட்டு இரத்தம் போதும், கையடக்கக் கருவி அங்கேயே சொல்லிவிடும். லிட்டருக்கு 1.2 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் வெளியே தெரியாத கீட்டோசிஸ் என்று எடுத்துக்கொள்கிறோம். நஞ்சுக்கொடி 24 மணி நேரத்துக்குள் விழுந்ததா என்ற குறிப்பு. மாதம் ஒருமுறை ஒவ்வொரு மாட்டின் பாலிலும் உடல் செல் (பெரும்பாலும் வெள்ளணுக்கள்) எண்ணிக்கை. மில்லிலிட்டருக்கு 2 லட்சத்தைத் தாண்டினால் மடியில் எங்கோ மறைந்த தொற்று என்று நான்கு காம்பையும் தனித்தனியே சோதிக்கிறோம். இவற்றோடு, தொட்டியில் மிஞ்சிய தீவனத்தைத் தினமும் கண்ணால் பார்ப்பது. எவ்வளவு கருவி வந்தாலும் மாடு தின்றதா, படுத்து அசைபோட்டதா என்பதைவிட முந்திச் சொல்லும் அடையாளம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒற்றை, இரட்டை என்று பிரித்துப் பார்த்ததில் சிறு மந்தைக்கு ஒரு சிக்கல் உண்டு. ஓரிரு பருவத்தில் ஈனும் மாடுகள் குறைவு. நஞ்சுக்கொடி தங்குவது போன்றவை எப்போதாவதுதான் நடக்கும். ஐந்தாறு மாடுகளை வைத்து அதில் முடிவெடுத்தால் குருட்டு அதிர்ஷ்டத்தைத்தான் அளக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் கீட்டோன் அளவையும் உடல் வெப்பத்தையும் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு மாடும் ஓர் எண் தரும் என்பதால் குறைந்த மாடுகளிலும் போக்கு தெரியும். அக்கம்பக்கத்துப் பண்ணைகள் சேர்ந்து ஒரே முறையில் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

நோய் வந்துவிட்ட மாட்டுக்குச் சாறு மருந்தாகாது. பால் திரிந்து, மடி கல்லாகி, காய்ச்சலோடு தீவனத்தை விட்ட மாட்டுக்கு மணிக்கணக்குதான் அவகாசம். மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். எழ முடியாமல் படுத்துவிட்ட, காது சில்லிட்ட மாட்டுக்குக் கால்சியம் போக வேண்டும். அந்த நேரத்தில் மூலிகை அரைத்துக்கொண்டிருந்து மாட்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் கனத்துப் போகும். மருத்துவரிடம் என்ன சாறு கொடுத்து வருகிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீக்கத்தைத் தணிக்கும் ஊசி போடப் போகிறவருக்கு, ஏற்கெனவே வில்லோ மரப்பட்டைச் சாறு போல சாலிசிலேட் உள்ள ஒன்று உள்ளே போயிருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

பாலின் வாசனையும் கவனிக்க வேண்டிய ஒன்று. பூண்டு கொடுத்தால் பாலில் அந்த வாடை வந்துவிடும். கறவைக்கு முன் கொடுக்காமல் கறந்த பின் கொடுத்தால் ஓரளவு தணியும். சினைக்குக் காத்திருக்கும் மாடுகளுக்கு ஐசோஃபிளவோன் நிறைந்த சிவப்பு குளோவர் போன்ற செடிகளின் செறிந்த சாற்றை நான் தவிர்க்கிறேன். அவற்றிலிருந்து பெருவயிற்றில் உண்டாகும் ஈக்குவால், பெண்மை ஹார்மோன் போல நடந்து சினைப்பிடிப்பைக் குழப்பக்கூடியது.

இப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது கோடை. வெப்ப ஈரப்பதக் குறியீடு 68ஐத் தாண்டும்போதே நிறையப் பால் கறக்கும் மாடுகள் தீவனத்தைக் குறைக்கத் தொடங்கிவிடுகின்றன. சூட்டில் இரத்தம் தோலுக்கு ஓட, குடலுக்கு இரத்தம் குறைந்து அதன் சுவர் தளர்கிறது. ஈனும் காலத்தில் நடக்கும் அதே ஆக்சிஜனேற்ற அழுத்தமும் அழற்சியும் இங்கேயும் வருகின்றன. நிழல், காற்றாடி, தெளிப்பான், நாள் முழுவதும் குளிர்ந்த தண்ணீர், தீவனத்தில் பெரும்பகுதியை இரவுக்கு மாற்றுவது, இவை எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கோடையில் ஈனப்போகும் மாடுகளில் மட்டும் ஒற்றைப்படை எண்களுக்குத் திராட்சை விதைச் சாற்றைத் தொடங்கியிருக்கிறோம். மூச்சு வாங்கும் எண்ணிக்கையை மதியம் ஒருமுறை எண்ணி, மற்றப் பதிவுகளோடு எழுதி வருகிறோம். இரண்டு கோடையாவது போன பிறகுதான் இதில் எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.